பழைய ஆள்

ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பதரைக்கு மேல் ஊரிலிருந்து போன் வந்தால் இரண்டு காரணம்தான் இருக்கும். யாரோ தவறிவிட்டார்கள், அல்லது யாருக்கோ வேலை கிடைத்திருக்கிறது. அன்றைக்கு வந்தது இரண்டாவது. சாத்தூரில் இருக்கும் பெரியம்மா மகளின் பையன். கோவில்பட்டியில் பி.இ. முடித்துவிட்டு ஒன்றேகால் வருடம் வீட்டில் இருந்தவன். ஆஃபர் லெட்டர் வந்துவிட்டதாம். கம்பெனியின் பெயரைச் சொன்னான். நான் ஒன்பது வருடம் இருந்து, ஏழு வருடத்துக்கு முன்னால் விட்டு வந்த இடம்.

“மாமா, அங்க எப்படி மாமா?”

“நல்ல கம்பெனிதான்டா. நிறையக் கத்துக்கலாம்.”

அவனுக்கு அது போதுமாக இருந்தது. போனை அவன் அம்மாவிடம் கொடுத்தான். அக்கா என் சர்க்கரை அளவை விசாரித்தாள், கொடைக்கு வரச்சொன்னாள், வைத்துவிட்டாள். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி தலை நிமிராமல் சொன்னாள்: “ஒம்போது வருஷம் ராத்திரி பன்னெண்டு மணிக்கு வந்து எங்கிட்ட சொன்னதுல ஒரு வரிகூட அவங்கிட்ட சொல்லலையே நீங்க.”

நான்கு நாளாயிற்று அந்த வாக்கியம் என்னை விட்டுப் போக.

அவனிடம் நான் பொய் சொல்லவில்லை. தொழிலில் இருக்கிற இன்னொருவனிடம் சொல்லியிருந்தால் அவன் சரியாகவே புரிந்துகொண்டிருப்பான். எங்களுக்குள் ஒரு பரிபாஷை இருக்கிறது. ‘நிறையக் கத்துக்கலாம்’ என்றால் சம்பளம் குறைவு. ‘பிரஷர் கொஞ்சம் இருக்கும்’ என்றால் சனி, ஞாயிறை மறந்துவிடு. ‘ஃபேமிலி மாதிரி பழகுவாங்க’ என்றால் முதலாளியின் மைத்துனர்தான் கணக்குப் பார்க்கிறார், சம்பளத் தேதி அவர் கையில். ‘செட்டில் ஆகறவங்களுக்கு ஏத்த இடம்’ என்றால் அங்கே பல வருடமாக யாருக்கும் எதுவும் நடக்கவில்லை. ‘கொஞ்சம் பாலிடிக்ஸ் உண்டு’ என்பதற்கு ஒரே பொருள்தான்: சொல்கிறவர் தோற்ற கட்சி. இவற்றுக்குள் உண்மைக்கு மிக அருகில் நிற்பது ‘எல்லாம் மேனேஜரைப் பொறுத்தது’ என்பது. மூன்றாம் மாடியில் சொர்க்கமும் இரண்டாம் மாடியில் நரகமும் ஒரே பெயர்ப்பலகையின் கீழ் நடப்பதை நானே பார்த்திருக்கிறேன். லிஃப்டில் சந்தித்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பரிதாபப்படுவோம்.

ஆனால் சாத்தூர்ப் பையனுக்கு இந்த அகராதி தெரியாது. அவன் வீட்டில் கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டு வேலைக்குப் போகும் முதல் ஆள் அவன். அவன் அப்பா தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப் பார்த்தவர். எங்கள் பக்கம் தொழிற்சாலையையும் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். என் சிறு வயதில் கட்டை அடுக்கப் போன பெண்கள் பம்படியில் பேசிக்கொண்டது நினைவிருக்கிறது. அந்த ஆபீஸில் சனிக்கிழமை தவறாமல் கூலி போட்டுவிடுவார்கள், ஆனால் முன்பணம் மட்டும் வாங்கிவிடாதே. இந்த ஆபீஸில் குரோஸ் எண்ணும்போது பக்கத்திலேயே நில், இல்லாவிட்டால் 144 பெட்டி 150 ஆகிவிடும். இன்னார் மேஸ்திரியாக இருந்தால் வயசுப் பிள்ளையை அனுப்பாதே. பரிபாஷை ஏதுமில்லை. கூலி எவ்வளவு, என்றைக்கு, எண்ணிக்கையில் ஏமாற்று உண்டா, மேஸ்திரி யோக்கியனா. பி.இ. படிக்காத அந்தப் பெண்கள் நான்கு கேள்விக்கும் நான்கு பதில் வைத்திருந்தார்கள். நானோ முதுகலை படித்து, ஒன்பது வருட அனுபவத்தோடு, ‘கத்துக்கலாம்’ என்கிறேன்.

ஏன் இப்படி ஆனது?

உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்யக் கூடாது என்ற பேச்சு நம் ரத்தத்தில் இருக்கிறது. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். சம்பளம் என்ற சொல்லையே சம்பா நெல், அளத்து உப்பு என்று பிரித்துக் காட்டி மகிழ்கிறவர்கள் உண்டு. சொற்பிறப்பு அறிந்தவர்கள் அதை ஏற்பார்களோ மாட்டார்களோ, அந்த விளக்கத்தின் மேல் நமக்குள்ள பிரியம் கவனிக்க வேண்டியது. அது கூலியை விருந்தாக்கிவிடுகிறது. விருந்துக்குப் போய்வந்தவன் ரசத்தில் உப்பில்லை என்று தெருவில் சொல்லலாமா? சொல்லக் கூடாதுதான். நான் போனது விருந்துக்கு இல்லை என்பதுதான் சிக்கல். அங்கே பந்தியில் உட்கார்ந்த நாள் ஒன்றுகூட இல்லை. கேன்டீனில்கூட டோக்கன்தான்.

உப்பைக் காட்டிலும் பெரிய காரணம் காகிதம். வேலையை விடுகிறவன் கையில் ரிலீவிங் லெட்டர் வேண்டும், எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் வேண்டும், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு வேண்டும், ஃபுல் அண்ட் ஃபைனல் கணக்கு முடிந்திருக்க வேண்டும். புதிய கம்பெனி இவற்றை ஓர் ஏஜென்சியிடம் கொடுத்துப் பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷன் நடத்தும். ஏஜென்சி பழைய கம்பெனியின் எச்.ஆருக்கு ஒரு படிவம் அனுப்பும். அதில் ‘இவரை மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் ‘இல்லை’ என்று விழுந்தால் ஏன் என்று கேட்க ஆளில்லை. நான் டீம் லீடாக இருந்தபோது எனக்கே அப்படி ஓர் அழைப்பு வந்தது. என்னோடு நான்கு வருடம் வேலை பார்த்தவரைப் பற்றி ஒரு பெண் மூன்று கேள்வி கேட்டாள். ‘ஆமாம்’, ‘ஆமாம்’, ‘இல்லை’. ஒன்றரை நிமிடம் ஆகியிருக்கும். அவருக்கு அவர் பழைய கம்பெனியைப் பற்றிக் கேட்டு யாரும் படிவம் அனுப்பவில்லை.

இது இன்று நேற்று வந்ததில்லை. வெள்ளைக்கார துரைமார் காலத்தில் மதராஸ் பட்லர்களும் ஆயாக்களும் பழைய துரைசானிகள் எழுதிக் கொடுத்த ‘சிட்’டுகளைக் கட்டாகக் கட்டி, துணியில் சுற்றி வைத்திருப்பார்கள். சிட்டி என்ற நம் ஊர்ச் சொல்தான் அவர்கள் வாயில் சிட் ஆனது. ஆங்கிலம் படிக்கத் தெரியாத பட்லர், தன்னை அயோக்கியன் என்று எழுதிய சிட்டையே பெருமையாக நீட்டியதாக அந்தக் காலத்து ஆங்கிலேயர்கள் கதை சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அந்தத் துரையிடம் சேராதே, குடித்தால் பாத்திரத்தை எறிவான் என்று ஒரு பட்லர் அடுத்த பட்லருக்குச் சொன்னது எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை. அது மார்க்கெட்டில், மீன்காரியின் கூடைக்கு முன்னால், வாய்வழியாகப் போனது.

இலங்கைத் தோட்டங்களில் இது இன்னும் துல்லியமான உருவம் எடுத்தது. அங்கே ‘துண்டு’ என்ற ஒரு காகிதம் இருந்தது. தமிழ்ச் சொல்லே ஆங்கில ஆவணங்களிலும் அப்படியே இருக்கிறது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக விரும்பும் கங்காணிக்கும் அவன் கூட்டத்துக்கும் துரை ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார். இவர்கள் பேரில் இவ்வளவு கடன், கட்டினால் விடுவிக்கிறோம். கங்காணி அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவான். ஏதோ ஒரு துரை பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கடன் அழியாது, ஆளோடு சேர்ந்து இடம் மாறும். ராமநாதபுரத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் மலையேறிய பயணச் செலவே அந்தக் கடனின் முதல் வரி. துண்டு முறையை 1921-இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். இன்று ‘நோட்டீஸ் பீரியட் பை-அவுட்’ என்று புதிய கம்பெனி பழைய கம்பெனிக்குப் பணம் கட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் துண்டு நினைவுக்கு வரும். ஒப்பீடு மிகை என்று நண்பர் ஒருவர் கோபித்துக்கொண்டார். மிகைதான். குளிர்பதன அறையில் உட்கார்ந்திருந்தவன், அட்டைக்கடியில் கொழுந்து பறித்தவரோடு தன்னை நிறுத்திக்கொள்வது அசிங்கம். காகிதத்தின் சாடையைத்தான் சொல்கிறேன், கடியை இல்லை.

சரி, ஊரில் இருந்தவர்களுக்குத் தோட்டத்தைப் பற்றி யார் சொன்னார்கள்? கங்காணிதான் சொன்னான். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று அவன் சொன்னதாக மலையகத்தில் இன்னும் சொல்வார்கள். அவன் பழைய தொழிலாளிதான், தோட்டத்தைக் கண்ணால் பார்த்தவன்தான். ஆனால் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு தலைக்கும் நாள்தோறும் அவனுக்குத் தலைக்காசு உண்டு. தகவல் அவனிடமே இருந்தது, சொல்லாமலிருக்கக் கூலியும் அவனுக்கே இருந்தது. இக்கரைத் தேயிலை மலைகளிலும் இதே கதைதான். பி.எச். டேனியல் 1969-இல் எழுதிய ‘ரெட் டீ’ நாவலை இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் தந்தார். அதை ஒட்டி பாலா 2013-இல் ‘பரதேசி’ எடுத்தார். படத்தின் கடைசிக் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். எஸ்டேட்டில் சிக்கிக் கிடப்பவன் மலைமேல் உட்கார்ந்திருக்கிறான், கீழே கங்காணி அழைத்துவரும் புதிய கூட்டத்தில் அவன் மனைவியும் பிள்ளையும் வருகிறார்கள். எத்தனையோ பேர் அந்தக் காட்சியின் அழுகையைப் பற்றி எழுதிவிட்டார்கள். எனக்கு அது ஒரு தகவல் பிரச்சினையாகவும் தெரிகிறது. அந்த மலையில் நடப்பதையெல்லாம் அறிந்த ஒருவன் இருந்தான், அதை அறிந்தே ஆகவேண்டிய ஒருத்தி இருந்தாள், நடுவில் பேசிய ஒரே வாய் காசு வாங்கிய வாய்.

திண்டுக்கல், ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கத்து நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் நடந்ததும் இந்த வழியில்தான். மூன்று வருடம் மில் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் முப்பதாயிரமோ நாற்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகத் தருவோம், கல்யாணத்துக்கு ஆகும் என்றார்கள். தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து பதினைந்து, பதினாறு வயதுப் பெண்களைப் புரோக்கர்கள் வேனில் ஏற்றிப் போனார்கள். தலைக்கு இவ்வளவு என்று அவர்களுக்குக் கமிஷன். ஒன்றை யோசித்துப் பாருங்கள். நடுவில் முடியாமல் திரும்பி வந்த பெண் சொல்வதை ஊர் நம்பாது. அவள் ‘ஓடி வந்தவள்’. மூன்று வருடத்தை முடித்தவள் பேச்சுக்கு மதிப்பு உண்டு, ஆனால் அவள் கையில் பணம் இருக்கிறது, அந்தப் பணத்தோடு கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, இந்த நேரத்தில் அவள் மில்லைப் பற்றி என்ன பேசுவாள்? இரண்டாம் வருடத்தில் இருப்பவளோ தீபாவளிக்கு நான்கு நாள் வந்து, வாயைத் திறக்காமல் தூங்கிவிட்டுப் போவாள். உண்மையைச் சொல்ல வாய்ப்பிருந்த மூவருக்கும் ஒவ்வொரு பூட்டு.

என்னைச் சொன்னால் என்ன? எங்கள் கம்பெனியில் ரெஃபரல் போனஸ் இருந்தது. தெரிந்தவர் ஒருவரைச் சேர்த்துவிட்டு, அவர் ஆறு மாதம் தாக்குப்பிடித்தால் 20,000 ரூபாய். அந்த ஆறு மாதம் என்ற நிபந்தனையை வகுத்தவர் யாரோ மனித மனம் தெரிந்தவர். நான் இரண்டு பேரைச் சேர்த்துவிட்டேன். இருவரிடமும் இதே வார்த்தைதான் சொன்னேன், கத்துக்கலாம். ஆறு மாதமும் அவர்களைத் தினம் கேன்டீனில் பார்த்து, தோளில் தட்டி, “போகப் போகச் சரியாயிடும்” என்றேன். எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் அப்படி வந்தது. இன்னும் நன்றாகத்தான் ஓடுகிறது.

ஆக, ஓர் இடத்தைப் பற்றிப் பேசுகிறவர்களை வரிசையாக நிறுத்தினால், எச்.ஆருக்குச் சம்பளம், புரோக்கருக்குக் கமிஷன், உள்ளே இருக்கும் ஊழியருக்கு ரெஃபரல் போனஸ். யாரும் எதுவும் கொடுக்காமல் பேச வேண்டியிருக்கிற ஒரே ஆள் பழைய ஆள். அதனால்தான் பையன்கள் ஞாயிறு இரவில் அவனைத் தேடிப் பிடிக்கிறார்கள். அதே காரணத்தால்தான் அவன் வாய்க்குக் கடிவாளமும் இல்லை. தவறாகச் சொன்னால் அவனுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்பது வழக்கறிஞர் நண்பர் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவதூறுச் சட்டத்துக்குப் பயந்து இப்படிப் பேசுகிறோமோ என்று கேட்டபோது அவர் சிரித்துவிட்டு, பழைய தண்டனைச் சட்டத்தின் 499-ஆம் பிரிவை எடுத்துப் போட்டார். மெக்காலே தலைமையில் 1837-இல் வரைவு எழுதி, 1860-இல் சட்டமானது. கம்பெனியைப் பற்றிச் சொல்வதும் அவதூறாகலாம் என்று அதிலேயே விளக்கம் இருக்கிறது. உண்மையைத்தான் சொன்னேன் என்பது மட்டும் போதாது, பொதுநன்மைக்காகச் சொன்னதாகவும் இருக்க வேண்டும். இதுவரை படித்தால் வாயைத் தைத்துக்கொள்ளலாம் போலிருக்கும். ஆனால் பத்து விதிவிலக்குகள் உண்டு. பத்தாவது விதிவிலக்கு எச்சரிக்கை பற்றியது. ஒருவரைப் பற்றி இன்னொருவருக்கு நல்லெண்ணத்தோடு எச்சரிக்கை சொன்னால், அது கேட்பவருடைய நன்மைக்காகவோ அவர் அக்கறை கொண்டவருடைய நன்மைக்காகவோ பொதுநன்மைக்காகவோ இருந்தால், அவதூறாகாது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவிலும் அந்த விதிவிலக்கு அப்படியே இருக்கிறது. பம்படியில் பேசிய பெண்களுக்குத் தெரியாமலே அவர்களுக்காக ஒரு துரை எழுதிவைத்த வரி.

நண்பர் அதோடு விட்டிருக்கலாம். “நல்லெண்ணம்னா நல்ல மனசுன்னு நினைச்சுக்காதீங்க” என்றார். உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்த எதையும் சட்டம் நல்லெண்ணத்தோடு செய்ததாக எடுத்துக்கொள்ளாதாம். மனம் எவ்வளவு தூய்மையாக இருந்தாலும் சரி. விசாரித்தாயா, யோசித்தாயா, உனக்குத் தெரிந்ததையும் நீ ஊகித்ததையும் பிரித்தாயா என்றுதான் கேட்கும்.

அது எனக்குச் சுருக்கென்றது. காரணம் உண்டு. வேலையை விட்ட அதே 2019-இல், அக்டோபர் வாக்கில், நண்பரின் தங்கை மகள் இதே கேள்வியோடு வந்தாள். அப்போது எனக்குப் பரிபாஷை இல்லை, காயம் பச்சையாக இருந்தது. எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு இன்னொருவருக்குப் போயிருந்தது. ஃபுல் அண்ட் ஃபைனல் 45 நாளில் என்று சொல்லி 110 நாள் இழுத்தார்கள். (வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளில் கணக்குத் தீர்க்கச் சொல்லும் ஊதியச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. தீர்க்கிறார்களா என்பது வேறு.) டீக்கடையில் நின்றபடி முக்கால் மணி நேரம் அவளிடம் கொட்டினேன். சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. முடிவாக, “வேணாம்மா, போகாத” என்றேன். அவள் போகவில்லை. அடுத்த மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பழைய கம்பெனிக்காரர்கள் வீட்டிலிருந்து வேலை பார்த்தார்கள், கொஞ்சம் பிடித்தம் போகச் சம்பளமும் வந்தது. அவள் இரண்டு வருடம் வீட்டில் இருந்துவிட்டு, திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடச் சேர்ந்தாள். நான் யாரை மனதில் வைத்து அவளை எச்சரித்தேனோ அந்த மேனேஜர் அந்த டிசம்பரிலேயே புனேக்கு மாறிப் போயிருந்தார். எனக்கு அது ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அவள் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. கல்யாணப் பத்திரிகையை நேரில் வந்து வைத்தாள். அதற்குப் பிறகுதான் ‘கத்துக்கலாம்’ என் வாயில் நிரந்தரமாகக் குடியேறியது என்று நினைக்கிறேன். கோழைத்தனத்துக்கு நாம் வைத்துக்கொள்ளும் பெயர்களில் பக்குவம் என்பதும் ஒன்று.

வியாழக்கிழமை இரவு பையனைக் கூப்பிட்டேன். அதற்கு முன்னால் கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன், எனக்குத் தெரிந்தது ஒரு பக்கம், எனக்கு வலித்தது ஒரு பக்கம். வலித்த பக்கம் நீளமாக இருந்தது. தெரிந்த பக்கத்தைப் படித்தேன்.

சம்பளம் ஒன்றாம் தேதி என்று லெட்டரில் போட்டிருப்பார்கள். என் காலத்தில் ஐந்து, ஏழு ஆகும், ஒரு வருடம் முழுக்கப் பன்னிரண்டு வரை போனது. நோட்டீஸ் பீரியட் 90 நாள், குறைக்க மாட்டார்கள். பாண்ட் கேட்டால் எத்தனை வருடம், எவ்வளவு தொகை என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு. அதெல்லாம் கோர்ட்டில் நிற்காது என்று ஹாஸ்டலில் சொல்வார்கள்; ஒரு பொதுத்துறை வங்கி மூன்று வருடத்துக்கு இரண்டு லட்சம் என்று வாங்கிய பாண்டை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் செல்லும் என்று சொல்லியிருக்கிறது. ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டைக் கொடுத்துவிட்டு வராதே, காட்டிவிட்டு வா. பத்து நாற்பதுக்குக் கடைசி கேப், அதை விட்டால் சொந்தச் செலவு. எங்கள் வரிசையில் 23 பேர் இருந்தோம், நான் கிளம்பும்போது அதில் நான்கு பேர் மிச்சம். பிரசவ விடுப்பைச் சட்டம் 2017-இல் 26 வாரமாக்கியது. அதற்குப் பிறகு என் டீமில் ஆறு பெண்கள் விடுப்பில் போனார்கள், திரும்பி வந்தவர் ஒருவர். “இதெல்லாம் ஏழு வருஷத்துக்கு முந்தி” என்று ஒவ்வொன்றுக்கும் பின்னால் சேர்த்துக்கொண்டேன்.

பி.எஃப். பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன். பழைய ஆளின் வாயைவிட நம்பகமான சாட்சி அது. இ.பி.எஃப்.ஓ.வின் தளத்தில் கம்பெனியின் பெயரைப் போட்டுத் தேடினால், எந்த மாதம், எந்தத் தேதியில், எத்தனை பேருக்குப் பணம் கட்டினார்கள் என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். தேதி தள்ளிப் போகிறது என்றால் கல்லாவில் காற்று. தலைகளின் எண்ணிக்கை மாதாமாதம் குறைகிறது என்றால் யாரும் சொல்லாமலே ஒரு கதை அங்கே எழுதியிருக்கிறது. பணியாளரிடம் பிடித்த 12 சதவீதத்தைக் கட்டாமல் வைத்திருப்பது நம்பிக்கை மோசடி, குற்றம். நானும் அன்றைக்கு மதியம்தான் பார்த்தேன். தேதிகள் பரவாயில்லை. எண்ணிக்கை என் காலத்தைவிடக் கூடியிருந்தது. அதைச் சொல்லும்போது என் குரலில் லேசாக ஓர் ஏமாற்றம் இருந்ததை நானே கேட்டேன்.

பையன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான். பிறகு கேட்டான்: “அப்புறம் ஏன் மாமா ஒம்போது வருஷம் இருந்தீங்க?”

கிண்டல் ஏதுமில்லாத குரல். அதற்கு பில்லின் எந்தப் பக்கத்திலும் பதில் எழுதியிருக்கவில்லை. வீட்டுக் கடன் என்றேன். மகள் பள்ளிக்கூடம் என்றேன். அப்புறம் எப்படியோ பேச்சு, விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு சிஸ்டம் விழுந்து நாங்கள் நான்கு பேர் அதைத் தூக்கி நிறுத்திய ராத்திரிக்குப் போனது. நிறுத்திவிட்டுத் துரைப்பாக்கத்தில் தள்ளுவண்டியில் சூடாக இட்லி தின்றோம். அந்த நால்வரில் ஒருவன்தான் எனக்கு வரவேண்டிய பதவியை வாங்கியவன். அதைச் சொல்லவில்லை. பக்கத்துத் தெருவில் விருதுநகர்க்கார அக்கா நடத்திய மெஸ்ஸைப் பற்றிச் சொன்னேன். வெள்ளிக்கிழமை பருப்புக் குழம்பு வைப்பாள், அக்கவுண்ட் எழுதிக்கொள்வாள், மாசக் கடைசியில் நச்சரிக்க மாட்டாள். இப்போது இருக்கிறாளோ என்னவோ. பேசிக்கொண்டே போனதில் பத்து நிமிடம் ஆகியிருந்தது. உள்ளே மனைவி டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டிருந்தாள்.

16-ஆம் தேதி சேர்ந்தான். மாதம் முடிந்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினான். சம்பளம் 30-ஆம் தேதியே ஏறிவிட்டதாம். நான் ஐந்து, ஏழு என்று எண்ணிச் சொன்ன ஒரே உறுதியான விஷயம். மெஸ் அக்கா இல்லை, அந்த இடத்தில் இப்போது செல்போன் கடை.

“பி.எஃப். பாஸ்புக் பாத்தியா?” என்று அனுப்பினேன்.

“இன்னும் ஏறல மாமா.”

“15 வரைக்கும் டைம் இருக்கு.”

இன்றைக்குத் தேதி 11.